கதவைத் தட்டாத வீடு

அவள் கதவில் கை வைப்பதற்குள் மகள் வாலு அதைச் சுரண்டிவிட்டாள்.

ஆள்காட்டி விரல் நகத்தால், மேலிருந்து கீழாக, மூன்று முறை. ஒவ்வொன்றுக்கும் நடுவே ஒரு மூச்சு விடும் இடைவெளி. அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிட வேண்டும். அழைப்புமணி இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு திருகாணித் துளைகளும் அவற்றின் மேல் அடித்த பெயின்ட்டும்தான் இருந்தன. ஆனால் ஒன்பது வயது வாலு இந்த வீட்டுக்கு வருவது இதுவே முதல் தடவை.

"இப்படிச் சுரண்ட யாருடி சொல்லிக் கொடுத்தா?"

"இப்படித்தானேம்மா கூப்பிடணும்?" என்றாள் வாலு, இது கூடத் தெரியாதா என்ற முகத்துடன்.

தன் பிறந்த வீட்டைப் பற்றி மகளிடம் அவள் சொல்லியிருந்தது ஒரே ஒரு வாக்கியம்தான்: "அங்க இருக்கிறதெல்லாம் ஊமைக் கோட்டானுங்க." அதில் கதவும் இல்லை, நகமும் இல்லை. எங்கேயோ பார்த்திருப்பாள் என்று அவள் தன்னைத்தானே தேற்றிக்கொண்டாள். வேறெங்கே பார்த்திருக்க முடியும் என்பதை யோசிக்கவில்லை.

கதவு திறந்தது கேட்கவில்லை. திறந்திருந்தது, அவ்வளவுதான். கீல்களுக்கு வாரம் ஒருமுறை எண்ணெய் விடுவது அண்ணியின் வேலை, அந்த எண்ணெய் வாடையும் ரப்பர் வாடையும் அடைத்துவைத்த சன்னல்களின் புழுக்கமும் ஒன்றாக முகத்தில் வந்து மோதின. அண்ணி உதட்டின்மேல் விரல் வைத்தபடியே "வா" என்றாள். அது வரவேற்பா எச்சரிக்கையா என்று இந்த வீட்டில் பிரித்துச் சொல்ல முடியாது.

எதுவும் மாறவில்லை. வாசலில் ரப்பர் செருப்புகள் அளவுவாரியாகக் காத்திருந்தன. கதவுகளின் ஓரமெல்லாம் கம்பளிப் பட்டை, நாற்காலிக் கால்களுக்கெல்லாம் துணி உறை. தட்டுகள் பிளாஸ்டிக், கரண்டிகள் மரம். சுவரில் பேட்டரிக் கடிகாரம், முள் நகர்வதுகூடக் கேட்காத ரகம். இருமல் வந்தால் தலையணைக்குள் இரும வேண்டும். தூங்குகிறவரை எழுப்ப வேண்டுமானால் கால்மாட்டில் உட்கார்ந்து கட்டைவிரலை மெல்ல மூன்று முறை இழுக்க வேண்டும். பேர் சொல்லிக் கூப்பிட்டு எழுப்பிவிட்டால் அன்று முழுக்க யாரும் முகம் கொடுத்துப் பேசமாட்டார்கள். ஏன் என்று கேட்டால் ஒரே பதில்: "நம்ம வீட்டுப் பழக்கம்."

பழக்கமாம். இருபது வயதில் அவள் இந்த வீட்டை விட்டுப் போனதே ஒருமுறை வாய்விட்டுச் சிரித்துப் பார்க்கத்தான். இப்போது முப்பத்தாறு. திரும்பி வந்தது பாசத்தால் அல்ல. பையில் மடித்து வைத்திருந்த ஒரு தாளுக்காக.

அவள் ஓர் ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுப்பவள். ஒரு நாளைக்கு முப்பது நெஞ்சு, முப்பது தடவை அதே கேள்வி: வீட்டில் யாருக்காவது இதய நோய் உண்டா? முப்பது தடவை அதே பதில்: எங்க பரம்பரையிலேயே கிடையாதுங்க. சொல்லும்போதே பக்கத்தில் நிற்கும் மனைவி தரையைப் பார்ப்பாள். நெஞ்சில் ஒட்டிய பட்டைகள் உண்மையைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது வாய் மட்டும் பொய் சொல்லும் இந்த ஜென்மங்களை நினைத்தால் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும். வாலு வயிற்றில் இருந்தபோது அதே கேள்விக்கு நேராக, அதே பேனாவால், தானும் 'இல்லை' என்று எழுதியது மட்டும் அவளுக்கு வசதியாக மறந்துபோயிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன் பள்ளிக்கூடத்தில் தீயணைப்பு ஒத்திகை. மணி அடித்தது. எல்லாப் பிள்ளைகளும் எழுந்து ஓடினார்கள், வாலு எழுந்து விழுந்தாள். அரை நிமிஷம் அவளுக்கு நாடி இல்லை. பிறகு தானாகவே கண்ணைத் திறந்து, "யாரும்மா என் காலை இழுத்தது?" என்று கேட்டாளாம். அன்று மாலை மகளின் நெஞ்சில் பட்டைகளை ஒட்டியது அவளேதான். தாளில் அலை அடங்க வேண்டிய இடத்தில் அடங்காமல் இழுத்துக்கொண்டே போனது. பிறகு தானும் அதே மேஜையில் படுத்தாள், அவளுக்கும் அதே இழுவை. கப்பலில் வேலை பார்க்கும் கணவனின் குடும்பத்தார் ஒரே நாளில் வரிசையாக வந்து படுத்து எழுந்து போனார்கள். அவர்களில் ஒருவருக்கும் ஒன்றும் இல்லை. ஆக, வந்தது இந்த வீட்டிலிருந்துதான்.

டாக்டரம்மா ஒரு தாளில் குடும்பத்தை வரைந்து கொடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்கு மேலே குறுக்கே ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் இரண்டு கேள்வி: எந்த வயது, எந்தச் சத்தம். "மாத்திரை ஆரம்பிச்சாச்சு. நெஞ்சுல மெஷின் வைக்கணுமான்னு முடிவு பண்ண எனக்கு இது வேணும். அதுவரைக்கும் ஒண்ணே ஒண்ணுதான். திடீர்ச் சத்தத்துல நின்னுபோற நெஞ்சு இது. தூங்குற குழந்தைக்குப் பக்கத்துல திடீர்னு மணி அடிக்கக் கூடாது."

அந்தத் தாளைத்தான் சாப்பாட்டு மேஜையில் விரித்தாள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் பெரியப்பா. ஓய்வு பெற்ற நூலகர். வேறு எந்த வேலையும் அவருக்குப் பொருந்தியிருக்காது. நாற்பது வருஷம் 'உஷ்' என்று சொல்லிச் சம்பளம் வாங்கிய மனிதர். பக்கத்தில் அண்ணன், ஆயுள் காப்பீட்டு ஏஜென்ட். ஊரார் சாவைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவான், சொந்த வீட்டுச் சாவைப் பற்றிப் பேசினால் மட்டும் முத்து உதிர்ந்துவிடும். வாலு மேஜை முனையில் உட்கார்ந்து பென்சிலால் எதையோ கிறுக்கிக்கொண்டிருந்தாள்.

அப்பாவுடன் பிறந்தவளின் வட்டத்தில் அவள் விரல் வைத்தாள். "அத்தை எப்படிச் செத்தாங்க?"

"செத்தாங்கன்னு சொல்லாதே," என்றான் அண்ணன். "தவறிட்டாங்க."

"சரி, எப்படித் தவறினாங்க?"

"தரை ஈரமா இருந்துச்சு. வழுக்கிடுச்சு."

"இருபத்திரண்டு வயசுல. நின்ன இடத்துலயே."

"ஈரம்னா ஈரம்தான்."

அவள் பெரியப்பா பக்கம் திரும்பினாள். "உங்க பையன்?"

பெரியப்பா சாத்தியிருந்த சன்னலைப் பார்த்தார். "வெயில்," என்றார். பதினாலு வயது மகனுக்கு அவர் ஒதுக்கியது ஒரே வார்த்தை.

"காலைல ஏழு மணிக்கு ஓட்டப்பந்தயம். கோட்டுல குனிஞ்சு நின்னவன். என்ன வெயில் பெரியப்பா?"

"வெயில்தாம்மா."

"எங்க அப்பா?"

"தூக்கத்துலயே போயிட்டார், கொடுத்து வச்சவர்," என்றாள் அண்ணி வேகமாக. சொன்ன வேகத்தில் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள்.

ஈரம், வெயில், தூக்கம். இந்தக் குடும்பத்தில் சாவுகூடச் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு நுனிக்காலில்தான் வரும். மூன்று பேர் முகத்திலும் ஒரே களை. பூசி மெழுகிப் பூசி மெழுகியே வழவழப்பாகிவிட்ட முகங்கள்.

"அண்ணா, உன் பசங்களுக்கு ஒரு ஈசிஜி எடுத்துப் பார்த்தியா?"

"அவங்களுக்கு ஒண்ணும் இல்ல."

"எடுத்தியான்னு கேட்டேன்."

"எடுத்தாத்தானே இருக்கும்?" என்றான் அண்ணன். அது ஒரு பதில் என்று அவன் உண்மையாகவே நம்பினான். "நீ பாட்டுக்கு எழுதிக் குடுத்துட்டுப் போயிடுவே. அது ரெக்கார்டு. நாளைக்கு என் பசங்களுக்கு ஒரு வேலை, ஒரு கல்யாணம்னு வந்தா உங்க வீட்டுல இப்படியாமேன்னு நாலு பேர் கேப்பாங்க."

"கேட்கட்டும். கேட்க ஆள் உயிரோட இருக்கணும்ல?"

"மெதுவா," என்றார் பெரியப்பா.

அப்போதுதான் வாலு தலை நிமிராமல் சொன்னாள். "அந்த அக்கா வழுக்கி விழலம்மா."

அவள் மகள் பக்கம் திரும்பினாள்.

"எந்த அக்கா?"

"ஸ்கூல்ல நான் விழுந்தப்போ கால் கட்டைவிரலை இழுத்து எழுப்பினாங்களே, அந்த அக்கா. எப்பவும் ஒரு கையைக் காதுல வச்சுக்கிட்டே இருப்பாங்க, போன் பேசுற மாதிரி. அப்புறம் ஒரு அண்ணன் இருக்கான், ஓடப்போற மாதிரி குனிஞ்சே நிப்பான். நம்ம வீட்டுல ராத்திரி என் ரூம் கதவைச் சுரண்டுறது அவங்கதான்." வாலு பென்சிலை வாயில் வைத்துக் கடித்தாள். "இன்னொருத்தர் பனியன் போட்டிருப்பார். படுத்தே இருப்பார். அவர் மட்டும் பேசவே மாட்டார், என்னைப் பார்த்துக்கிட்டே இருப்பார்."

அண்ணன் கையிலிருந்த மரக்கரண்டி நழுவித் தரைவிரிப்பில் விழுந்தது. சத்தமே வரவில்லை. அண்ணி வாலுவின் தோளைப் பிடித்து எழுப்பி, "குழந்தைக்குக் களைப்பு. உள் ரூம்ல கொஞ்ச நேரம் தூங்கட்டும், அங்கதான் சத்தம் வராது," என்று கிசுகிசுத்துக்கொண்டே கூட்டிப்போனாள். வாலு டாக்டரம்மாவின் தாளையும் பென்சிலையும் கையோடு எடுத்துக்கொண்டாள். "நான் எழுதித் தரேம்மா," என்றாள். அவள் தடுக்கவில்லை. இந்தப் பெரிய மனிதர்கள் எழுதப்போவதில்லை, குழந்தையாவது கிறுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்ணிதான் சொல்லியிருக்க வேண்டும், என்று எண்ணிக்கொண்டாள். வாசலிலிருந்து மேஜைக்கு வருவதற்குள் இவள் குழந்தையின் காதில் எதையாவது ஓதியிருப்பாள். ஆனால் கதவைச் சுரண்டியது அதற்கும் முன்னால். அந்த நினைப்பை அவள் ஓரமாகத் தள்ளினாள். தள்ளியது தள்ளிய இடத்தில் நிற்கவில்லை.

மதியத்துக்கு மேல் அந்த வீடு தூங்கும். அதுவும் பழக்கம். மூன்று மணிக்கே வானம் மூடிக்கொண்டு வந்து, கூடத்தின் மூலைகள் ஒவ்வொன்றாகக் கறுத்தன. அண்ணன் ஓர் அறைக்குள் போனான், அண்ணி இன்னோர் அறைக்குள். கதவுகள் கம்பளியோடு கம்பளி பொருந்தி மூடிக்கொண்டன. அவள் சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, ஐந்து மணிக்கு மகளுக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையை உள்ளங்கையில் உருட்டியபடி, நாளைக்கு டாக்டரம்மாவிடம் என்ன சொல்வது என்று யோசித்தாள். கூடத்தில் தன் மூச்சுச் சத்தமும், தண்ணீர்க் குழாயில் எங்கோ காற்று நகரும் சத்தமும், ரப்பர் செருப்பின் பிசுபிசுப்பும் தவிர வேறொன்றும் இல்லை என்றுதான் முதலில் நினைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றும் இருப்பது தெரிந்தது.

டிக், டிக், டிக்.

மிக மங்கலாக, எதற்குள்ளோ பொதிந்து வைத்ததுபோல. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது நாலரையைக் காட்டியது, சத்தம் அதனுடையது இல்லை. சுவரில் காதை வைத்தாள். உள் அறைப் பக்கம். சின்ன வயதில் இந்தச் சத்தத்தோடு அவள் தூங்கியிருக்கிறாள். எந்தக் கடிகாரம் என்று உடலுக்குத் தெரிந்திருந்தது, மனசுக்குத்தான் வரவில்லை. மறுபடி சோபாவில் வந்து உட்கார்ந்தாள். இப்போது சோபாவிலிருந்தே கேட்டது. சத்தம் பெரிதாகவில்லை, தெளிவாகியிருந்தது. மேலே போர்த்தியிருந்த ஏதோ ஒன்றை யாரோ உருவி எடுத்துவிட்டதுபோல.

அவள் காத்திருந்தாள். பத்து நிமிஷம் கழித்து மறுபடியும் ஒரு படி தெளிந்தது.

எழுந்து பெரியப்பாவின் அறைக்குப் போனாள். அவர் தூங்கவில்லை. கட்டிலின் விளிம்பில் கைகளை முழங்காலில் வைத்து, வகுப்புக்கு வெளியே நிற்கவைக்கப்பட்டவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

"உள் ரூம்ல என்ன கடிகாரம் ஓடுது?"

பெரியப்பா தன் கைகளைப் பார்த்தபடி சொன்னார். "உங்க அப்பாவோடது. அலமாரில இருக்கு. ஏழு துணி சுத்தி வச்சிருக்கேன்."

அப்பாவின் மேஜைக் கடிகாரம். உள்ளங்கை அகல முகம், தலையில் இரண்டு மணிக் கிண்ணங்கள், நடுவே ஒரு சின்னச் சுத்தியல். மணியடிப்பதற்குக் கொஞ்சம் முன்னால் அது 'டக்' என்று ஒரு சத்தம் போடும், பேசப்போகிறவர் தொண்டையைச் செருமுவதுபோல.

"அதை ஏன் இன்னும் வச்சிருக்கீங்க? தூக்கிப் போட வேண்டியதுதானே?"

"தூக்கிப் போட்டா ஏன்னு கேப்பே."

"யாரு?"

"நீதாம்மா." அவர் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "ஓடாம நின்னாலும் ஏன் நின்னுதுன்னு கேப்பே. அதான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை சாவி கொடுப்பேன். பின்னாடி ரெண்டு சாவி இருக்கு. ஒண்ணு ஓடுறதுக்கு, ஒண்ணு மணிக்கு. நான் ஓடுறதுக்கு மட்டும்தான் கொடுப்பேன். மணிச் சாவியை இருபத்தஞ்சு வருஷமா யாரும் தொட்டதில்ல. கடைசியாத் தொட்டது..."

அவர் நிறுத்திக்கொண்டார். நிறுத்துவதில்தான் இவர்கள் எல்லோரும் கெட்டிக்காரர்கள் ஆயிற்றே.

"சொல்லுங்க."

"உனக்குப் பரீட்சை. அஞ்சு மணிக்கு எழுப்பிவிடச் சொல்லி அப்பா பக்கத்துல நீதான் வச்சே. ரெண்டு சாவியும் நீதான் கொடுத்தே. பதினோரு வயசு. உங்கிட்ட எப்படிம்மா சொல்றது?"

மகளுக்கு நாடி இல்லாத அரை நிமிஷத்தைப் பற்றிச் சாப்பாட்டு மேஜையில் அவள் சொன்னபோதுகூட இந்த மனிதர் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறந்தார். அந்த விடிகாலை அவளுக்கு நினைவுக்கு வந்தது. டக். பிறகு மணி. அப்பா கையை நீட்டி நிறுத்துவார் என்று அவள் போர்வைக்குள் காத்திருந்தது. மணி தானாக ஓய்ந்தது. அப்பா எழுந்திருக்காதது.

அழுகை வரவேண்டிய இடத்தில் ஆத்திரம் வந்தது. அவளுக்காகவாம்! ஒரு பதினோரு வயதுப் பெண்ணின் மனசு நோகக் கூடாது என்று ஒரு பரம்பரை முழுக்கக் கம்பளி ஒட்டி வாழ்ந்தார்களாம். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வாலு பிறந்த அன்றே அவள் நெஞ்சில் பட்டை ஒட்டிப் பார்த்திருப்பாள். ஒன்பது வருஷம் பள்ளி மணி, வாசல் மணி, போன் மணி என்று அத்தனைக்கும் நடுவே குழந்தையை விட்டுவைத்திருக்கிறாள். இதற்கு அன்பு என்று பேர்!

"அலமாரி பூட்டியிருக்கா?"

"எப்பவும் பூட்டிதான்..." பெரியப்பா இடுப்பைத் தடவினார். கை நின்றது. "குழந்தைக்குப் போர்வை எடுக்க உங்க அண்ணி சாவி வாங்கிட்டுப் போனா."

டிக். டிக். டிக். இந்த அறைக்கே கேட்டது. துணியே இல்லாத சத்தம். அதன் நடுவே ஒரு கரகரப்பு, சாவி முறுக்குகிற சத்தம்.

அவள் ஓடவில்லை. அந்த வீடு அவள் கால்களுக்குக் கற்றுக்கொடுத்திருந்தது, நுனிக்காலில்தான் போனாள். சுவர்க் கடிகாரத்தில் ஐந்தாக நான்கு நிமிஷம். உள் அறைக் கதவைத் தள்ளினாள். நகரவில்லை. உள்ளே தாழ்ப்பாள். வாலுவுக்குத் தாழ்ப்பாள் போடும் பழக்கம் கிடையாது. அந்தத் தாழ்ப்பாள் அவளுக்கு எட்டவும் எட்டாது.

சாவித் துவாரத்தில் துணி அடைத்திருந்தது. கொண்டை ஊசியால் அதை இழுத்துப்போட்டுக் கண்ணை வைத்தாள்.

அலமாரி திறந்திருந்தது. அங்கிருந்து கட்டில்வரை தரையில் துணிகள், ஒன்று, இரண்டு என்று ஒரு தடம்போல ஏழு. வாலு இந்தப் பக்கம் முகம் வைத்து ஒருக்களித்துத் தூங்கினாள். நெஞ்சு ஏறி இறங்கியது. தலையணையில், அவள் காதை ஒட்டி, கடிகாரம். அலாரம் முள் ஐந்தில் நின்றது. அதற்குக் காலை ஐந்தும் மாலை ஐந்தும் ஒன்றுதான்.

கால்மாட்டில் மெத்தை அமுங்கியிருந்தது. ஓர் ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவு. போர்வைக்கு வெளியே வாலுவின் பாதம் தெரிந்தது. கட்டைவிரலை யாரும் இழுக்கவில்லை.

கூப்பிட வாயைத் திறந்தாள். கூப்பிட்டால்?

கதவை உடைக்கலாம். உடைத்தால் அந்தச் சத்தம் மணியைவிடப் பெரிது.

அண்ணனும் அண்ணியும் பின்னால் வந்து நிற்பது மூச்சில் தெரிந்தது. பெரியப்பாவும் வந்துவிட்டார். திரும்பிப் பார்த்தாள். மூன்று பேரும் உதட்டின்மேல் விரல் வைத்திருந்தார்கள். "போர்வை எடுத்துட்டுப் பூட்டத்தான் போனேன், அது ஓடிக்கிட்டுதான் இருந்துச்சு, எப்பவும் ஓடுறதுதானேன்னு பூட்டாமலே வந்துட்டேன்..." என்று அண்ணி காற்றில் முனகினாள். அடித்துக் கொல்ல வேண்டும்போல் இருந்தது. அதற்கும் சத்தம் வரும்.

அவள் கதவில் நகத்தை வைத்தாள்.

மேலிருந்து கீழாக. ஒருமுறை. மூச்சு. இரண்டாம் முறை. எழுந்திருடி கண்ணு. மூன்றாம் முறை. மெதுவா எழுந்திருடி, வாலு. பக்கத்தில் பெரியப்பாவின் நகமும் சேர்ந்தது. அண்ணன். அண்ணி. நாலு பேரும் ஒரு கதவை, எலிகள்போல. அவள் கேலி செய்த அந்த வீட்டுப் பழக்கத்தை, அவளே, நகம் பிய்ந்து ரத்தம் வரும்வரை.

உள்ளேயிருந்து பதில் வந்தது.

நகம். கதவின் அந்தப் பக்கம். ஒன்று அவள் முகத்தின் உயரத்தில். ஒன்று இடுப்பளவில், குனிந்து நிற்பவன் கை எட்டும் இடத்தில். ஒன்று தரையோடு தரையாக. மூன்று முறை. மூன்று பேரும்.

நால்வரும் நகத்தை எடுத்தார்கள்.

துவாரத்தில் பார்த்தாள். வாலு தூங்கிக்கொண்டுதான் இருந்தாள். கதவடியில் கம்பளிப் பட்டை நெளிந்தது. ஒரு தாள் வெளியே வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக. அவள் கால்விரலைத் தொட்டு நின்றது. குனிந்து எடுத்தாள்.

டாக்டரம்மாவின் தாள். எல்லாம் எழுதியாகிவிட்டது, வாலுவின் கோணல்மாணல் எழுத்தில். அத்தையின் வட்டத்துக்குப் பக்கத்தில்: 22, போன். பெரியப்பா மகனின் சதுரத்துக்குப் பக்கத்தில்: 14, விசில். அப்பாவின் சதுரத்துக்குப் பக்கத்தில்: 38, கடிகாரம். மூன்றின் மேலும் குறுக்கே கோடு. பென்சில் கோடு இல்லை. நகக்கீறல். உயிரோடிருப்பவர்கள் இருபத்தைந்து வருஷமாகச் சொல்லாததை இறந்தவர்கள் மூன்று வரியில் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

தாளின் கீழே ஒரே ஒரு சின்ன வட்டம். வாலுவுடையது. அதற்குப் பக்கத்திலும் எழுதியிருந்தது.

அது குழந்தையின் எழுத்து இல்லை. வலப்பக்கம் சாய்ந்த, நிதானமான எழுத்து. அவளுடைய ஐந்தாம் வகுப்பு மதிப்பெண் அட்டையில் அப்பா கையெழுத்துப் போட்டிருந்த அதே எழுத்து.

9, கடிகாரம்.

வட்டத்தின் மேல் கீறல் பாதிவரை வந்திருந்தது. அவள் கையில், அவள் கண்ணெதிரே, மீதிப் பாதியும் மெல்ல நீண்டது. காகிதம் பிளக்கும் சன்னமான சத்தம்.

அவளுக்குள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பி வந்தது. அவள் கை தானாக எழுந்தது. விரல் உதட்டின்மேல் போய் நின்றது, மற்ற மூன்று பேருடையதைப் போலவே.

உள்ளே கடிகாரம் தொண்டையைச் செருமியது.

டக்.